யூஎஸ்பி உள்ள பழைய டிவிடி பிளேயர்: எந்த ஃபைல் ஓடும், எது ஓடாது, ஏன்?

கொள்ளிடக்கரை

வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு டிவிடி பிளேயரைத் தயார் செய்ய வேண்டும். உள்ளே மீடியாடெக் எம்டி1389 சிப். முன்னால் யூஎஸ்பி, பின்னால் ஏவி, காம்பொனென்ட், கோஆக்சியல். டிவி 21 அங்குல டியூப் டிவி. அட்டைப்பெட்டியில் டிவிடி, விசிடி, எஸ்விசிடி, எம்பி3, ஜேபெக், எம்பெக்-4, டிவ்எக்ஸ் எல்லாம் போட்டிருக்கிறது. ஆனால் நடப்பது இப்படி:

போனில் எடுத்த எம்பி4 பட்டியலிலேயே வரவில்லை. பெயரை ஏவிஐ என்று மாற்றினால் பட்டியலில் வருகிறது, ஓடவில்லை.

சில ஏவிஐ ஃபைல்களில் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. வேறு சிலவற்றில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

8 ஜிபி பென்டிரைவ் எடுக்கிறது, 64 ஜிபி எடுக்கவில்லை.

தமிழ் சப்டைட்டில் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது.

கம்ப்யூட்டரில் இவை எல்லாமே சரியாக ஓடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

வட்டுச்சுழல்

அட்டையில் இருக்கும் "எம்பெக்-4" என்பதிலிருந்தே தொடங்கலாம். அந்தத் தரத்தில் பல பகுதிகள் உண்டு. பகுதி 2-ல் வருவது டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை. பகுதி 10-ல் வருவது எச்.264, ஏவிசி என்றும் சொல்வார்கள். எம்டி1389 பிரித்துக் காட்டுவது எம்பெக்-1, எம்பெக்-2, எம்பெக்-4 பகுதி 2, அவ்வளவுதான். போன் எடுக்கும் எம்பி4-ம், இப்போது கிடைக்கிற எம்கேவி-யும் உள்ளே எச்.264 அல்லது எச்.265. அதைப் பிரிக்கும் சுற்று அந்தச் சிப்பிலேயே கிடையாது. ஃபர்ம்வேர் மாற்றினாலும் வராது. பெயரை மாற்றினால் பட்டியல் ஏமாறும், சிப் ஏமாறாது.

கம்ப்யூட்டரில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஓடாத ஃபைல் ஒவ்வொன்றையும் அதில் திறந்து பாருங்கள். வீடியோ பகுதியில் ஃபார்மட் "ஏவிசி" அல்லது "எச்இவிசி" (எச்.265-இன் இன்னொரு பெயர்) என்றிருந்தால் முழுதாக மாற்றியே ஆக வேண்டும். "எம்பெக்-4 விஷுவல்" என்றிருந்தால் அதன் கீழே உள்ள வரிகளையும் படியுங்கள்.

அளவு 720×576-க்குள் இருக்க வேண்டும். க்யூபெல் என்ற வரியில் "இல்லை" என்றிருக்க வேண்டும். ஜிஎம்சி-யிலும் அப்படியே. இந்த இரண்டும் ஃபைலைச் சிறியதாக்க என்கோடரில் வைத்த நுட்பங்கள். கம்ப்யூட்டர் மென்பொருளில் பிரிக்கும், பெரும்பாலான டிவிடி சிப்கள் தடுமாறும். அசையும் இடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது க்யூபெல்லைத்தான். அசையாத காட்சியில் சுத்தமாகவே இருக்கும்.

"பேக்டு பிட்ஸ்ட்ரீம்" என்ற குறிப்பு இருந்தால் சில பிளேயர்களில் படம் குலுங்கும். இதற்கு மட்டும் மறு என்கோடிங் தேவையில்லை, எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி வீடியோ மென்பொருளில் அதைப் பிரித்துவிடும் வடிகட்டி இருக்கிறது. க்யூபெல்லும் ஜிஎம்சியும் அப்படியல்ல, மறுபடி என்கோட் செய்தால்தான் போகும்.

சத்தம் வராததற்கு ஆடியோ பகுதியைப் பாருங்கள். எம்பி3, எம்பி2, ஏசி3 (டால்பி) ஓடும். ஏஏசி, வோர்பிஸ் ஓடாது. டிடிஎஸ் ஏவிஐ-க்குள் இருந்தால் நம்ப முடியாது.

மின்விளக்குமேடை

படம் ஓடி சத்தம் மட்டும் வராத ஃபைலை முழுதாக மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவிடெமக்ஸ் என்ற இலவச வீடியோ மென்பொருளில் திறந்து, வீடியோ அவுட்புட்டை "காப்பி" என்றே விட்டு, ஆடியோ அவுட்புட்டை மட்டும் எம்பி3 லேம் என்று மாற்றி, ஏவிஐ மக்ஸரில் சேமித்தால் இரண்டரை மணி நேரப் படம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தின் தரம் ஒரு துளி குறையாது. எம்பி3-யை நிலையான பிட்ரேட்டில் (விநாடிக்குச் செலவாகும் தரவின் அளவு) வையுங்கள்: 128 முதல் 192 கேபிபிஎஸ், 48 கிலோஹெர்ட்ஸ். மாறும் பிட்ரேட்டில் வைத்தால் சில பிளேயர்களில் போகப் போக உதடும் சத்தமும் விலகும்.

எச்.264 ஃபைலை மாற்றுவதற்கும் அவிடெமக்ஸே போதும். வீடியோ மாற்றப் பலரும் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இதற்கு உதவாது, ஏவிஐ-யும் எக்ஸ்விட்டும் அதிலிருந்து 2009-லேயே எடுக்கப்பட்டுவிட்டன.

வீடியோவுக்கு எக்ஸ்விட்-ஐத் தேர்ந்தெடுங்கள். அதன் அமைப்பில் க்யூபெல், ஜிஎம்சி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். தொடர் பி-ஃபிரேம் 1 போதும். சராசரி பிட்ரேட் 1200 முதல் 1500 கேபிபிஎஸ், இரண்டு பாஸ். டிவ்எக்ஸ் ஹோம் தியேட்டர் வரையறையில் சராசரிக்கு உச்சம் 4854 கேபிபிஎஸ், அதற்கு வெகு கீழே நிற்கிறோம். ஃபில்டரில் அளவைக் குறையுங்கள். 16:9 படத்துக்கு 720×400, அதைவிட அகலமான சினிமாஸ்கோப் படத்துக்கு 720×304. இரண்டு எண்ணும் 16-ஆல் வகுபடும், அது முக்கியம். வகுபடாத அளவில் ஓரத்தில் பச்சைக் கோடு வரும் பிளேயர்கள் உண்டு.

ஃபைல் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். படமும் சத்தமும் சேர்த்து 1328 கேபிபிஎஸ், நேரம் 9000 விநாடி என்றால் பெருக்கி 8-ஆல் வகுக்க, சுமார் 1.5 ஜிபி. இந்தக் கணக்கில் 8 ஜிபி டிரைவில் இரண்டரை மணி நேரப் படங்கள் நான்கு வசதியாக அடங்கும். 2 ஜிபிக்கு மேல் போகும் ஏவிஐ-க்கு உள்கட்டமைப்பே வேறு. அதைப் பாதியில் நிறுத்திவிடும் பிளேயர்கள் இருப்பதால் 2 ஜிபிக்குள் நிறுத்துவதே நல்லது.

எஃப்எஃப்எம்பெக்கில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் சொந்த எம்பெக்-4 என்கோடர் ஏவிஐ தலைப்பில் "எஃப்எம்பி4" என்ற நான்கெழுத்துக் குறியை எழுதும். பல பிளேயர்கள் இந்தக் குறியைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் "ஆதரவு இல்லை" என்று சொல்லிவிடும். வீடியோ டேக் விருப்பத்தில் குறியை எக்ஸ்விட் என்று கொடுத்துவிட்டால் அதே ஃபைல் ஓடும்.

முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் நடுவிலிருந்து இரண்டு நிமிடத் துண்டை வெட்டி மாற்றி, பிளேயரில் போட்டுப் பாருங்கள். சண்டைக் காட்சி அல்லது பாட்டு இருக்கும் இடமாக எடுங்கள். வசனக் காட்சியில் எல்லா ஃபைலும் நன்றாகத்தான் தெரியும்.

கொள்ளிடக்கரை

மீடியாஇன்ஃபோவில் பார்த்தேன். சத்தம் வராதவை எல்லாம் ஏஏசி. உடைந்து வருபவற்றில் க்யூபெல் "ஆம்" என்றிருக்கிறது. போன் வீடியோ மாற்றியதும் ஓடுகிறது. ஆனால் நிமிர்த்தி எடுத்தவை படுத்த நிலையில் வருகின்றன, பத்து நிமிடத்துக்கு மேல் போனால் சத்தமும் பின்தங்குகிறது.

மின்விளக்குமேடை

இரண்டுக்கும் காரணம் போன் ஃபைலின் அமைப்பு. நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைப் படுத்த நிலையில்தான் பதிகின்றன. "காட்டும்போது 90 டிகிரி திருப்பு" என்ற குறிப்பை மட்டும் எம்பி4-ல் எழுதுகின்றன. ஏவிஐ-யில் அந்தக் குறிப்புக்கு இடமில்லை. ஆகவே ரொட்டேட் ஃபில்டரைப் போட்டு நிஜமாகவே திருப்ப வேண்டும். பிறகு உயரத்தை 576 ஆக்கி, இரண்டு பக்கமும் கறுப்பு சேர்த்து 720 அகலத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சத்தம் பின்தங்குவதற்குக் காரணம் மாறும் ஃபிரேம் ரேட். வெளிச்சம் குறைந்தால் போன் 30-லிருந்து 24, 20 என்று தானே இறக்கிக்கொள்ளும். ஏவிஐ-யில் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே கால அளவுதான். எனவே மாற்றும்போதே ஃபிரேம் ரேட்டை 25 என்று நிலையாக வையுங்கள். 60 ஃபிரேம் வீடியோவுக்கும் இதே வழி.

பெட்டிக்கடை

64 ஜிபி பற்றி யாரும் சொல்லவில்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில்தான் கடைக்கு வருகின்றன. இந்தப் பிளேயர்களுக்குத் தெரிந்தது ஃபேட்16, ஃபேட்32. என்டிஎஃப்எஸ்ஸும் தெரியாது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. அதனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இருக்கும் பார்ட்டிஷனை நீக்கி, முதலில் 16 ஜிபியில் ஒரு பார்ட்டிஷன் போட்டு ஃபேட்32 ஆக்குங்கள். பார்ட்டிஷன் முறை எம்பிஆர் ஆக இருக்க வேண்டும், ஜிபிடி என்றால் பிளேயர் டிரைவே இல்லை என்று சொல்லும். மீதி இடத்தை விட்டுவிடலாம். ஃபேட்32-ல் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, உங்கள் ஏவிஐ-க்கு அது தடை இல்லை.

ஃபைல்களைப் பெயர் வரிசையில் அடுக்காமல், டிரைவில் எழுதப்பட்ட வரிசையிலேயே காட்டும் பிளேயர்கள் நிறைய. பத்துப் படத்தை மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை கலையும். ஒவ்வொன்றாக வரிசைப்படி காப்பி செய்யலாம், அல்லது ஃபேட்சார்ட் என்ற கருவியை ஒருமுறை ஓட்டினால் அடுக்கிவிடும். மேக் கம்ப்யூட்டரில் காப்பி செய்தால் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்களும் கூடவே வரும். பிளேயர் பட்டியலில் ஒவ்வொரு படமும் இரண்டு முறை தெரிந்து, ஒன்று ஓடாமல் நிற்பது அதனால்தான். அவற்றை அழித்துவிடலாம்.

வேகம் இன்னொரு விஷயம். இந்தத் தலைமுறையில் பல பிளேயர்களின் யூஎஸ்பி, பழைய 12 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகம் கொண்டது. கையில் கிடைப்பது நடைமுறையில் விநாடிக்கு 1 மெகாபைட் அளவு, அதாவது 8 எம்பிபிஎஸ். டிவிடியில் படம் இருக்கும் விஓபி ஃபைலை அப்படியே பென்டிரைவில் போட்டால், டிஸ்க்கில் வழவழவென்று ஓடிய அதே காட்சி திக்கும். டிவிடி-வீடியோவில் படம் மட்டுமே 9.8 எம்பிபிஎஸ் வரை ஏறலாம். பென்டிரைவ் பழுதில்லை, வாசலின் அகலம் அவ்வளவுதான். சிறிய ஹார்ட் டிஸ்க்கை நேராகச் சொருகுவதையும் தவிர்க்கவும். யூஎஸ்பி தரக்கூடியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், சுழலத் தொடங்கும் நொடியில் ஹார்ட் டிஸ்க் அதைத் தாண்டி இழுக்கும்.

மெய்யெழுத்து

தமிழ் சப்டைட்டிலுக்கு வருகிறேன். பிளேயரின் நினைவகத்தில் இருக்கும் எழுத்துருவில் லத்தீன் எழுத்துகளும், மாடலைப் பொறுத்து சிரிலிக், கிரேக்கம் போன்றவையும் இருக்கும். தமிழ் இல்லை. எழுத்து வடிவங்களை மட்டும் சேர்த்தாலும் போதாது. "கொ" என்பது யூனிகோடில் க என்ற எழுத்தும் அதன் பின் ஒகரக் குறியுமாகத்தான் இருக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைத்து, நடுவில் ககரத்தை நிறுத்த வேண்டும். இந்த அடுக்கும் வேலையைச் செய்யும் மென்பொருள் அந்தப் பெட்டியில் இல்லை. பிளேயரின் மொழி அமைப்பில் எதை மாற்றினாலும் தமிழ் வராது.

ஆகவே எழுத்தைப் படமாக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி.

ஏவிஐ என்றால் மாற்றும்போதே சப்டைட்டிலைப் படத்தின் மேல் பதித்துவிடுவது. எஃப்எஃப்எம்பெக்கின் சப்டைட்டில் வடிகட்டி லிப்ஆஸ் என்ற சப்டைட்டில் வரையும் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது எழுத்துகளை அடுக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். விழாவிட்டால் வேறு கட்டுமானத்தை இறக்குங்கள், எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி ஃபைல் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் இருக்க வேண்டும். பழைய டிஸ்கி, டாப் குறியாக்கத்தில் இருக்கும் சப்டைட்டிலை என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

டியூப் டிவிக்கு எழுத்துரு தேர்வு மிக முக்கியம். மெல்லிய கோடுள்ள எழுத்துரு, வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் காட்டும் இன்டர்லேஸ் திரையில் துடிக்கும், வயதானவர்களுக்குக் கண் வலிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவம் நன்றாக நிற்கிறது. சுற்றிலும் கறுப்பு வரம்பு கொடுங்கள். டியூப் டிவி நான்கு ஓரத்திலும் படத்தைக் கொஞ்சம் விழுங்கும், அதனால் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் 10 சதவீதம் விட்டு வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஒரு வரிக்கு நான்கு அல்லது ஐந்து சொல், இரண்டு வரி. அதற்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும், பிறகு படிக்கவே முடியாது.

இரண்டாவது வழி டிவிடி-வீடியோவாகவே தயாரிப்பது. டிவிடியில் சப்டைட்டில் என்பதே படம்தான், நான்கு நிறம் கொண்ட சிறு பிட்மேப். எனவே எந்த மொழியானாலும் பிளேயர் காட்டிவிடும். ரிமோட்டில் வேண்டாம் என்றால் அணைக்கவும் முடியும். பதித்த சப்டைட்டிலில் அது முடியாது.

ஃபைல் பெயர்களையும் எம்பி3-யின் ஐடி3 குறிப்புகளையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் பட்டியல் முழுவதும் அடிக்கோடாகத் தெரியும்.

ஓலைப்பெட்டி

இத்தனை தூரம் ஏவிஐ பற்றியே பேசிவிட்டோம். பார்க்கப் போவது பெரியவர்கள் என்றால் நான் டிவிடி-வீடியோ பக்கம்தான் நிற்பேன். ஏவிஐ-யில் அத்தியாயம் கிடையாது, பல பிளேயர்களில் விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யாது. டிவிடியில் அடுத்த பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு. டிஸ்க்கைப் போட்டதும் பெரிய எழுத்தில் மெனு. பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை.

டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் டிவிடிஸ்டைலர் இலவசம், போதுமானது. பால் (இந்திய டிவிகளின் முறை), 720×576, 25 ஃபிரேம், ஒலி ஏசி3 192 கேபிபிஎஸ் 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 ஒலி டிவிடி-வீடியோவில் அனுமதி இல்லை, வைத்தால் ஊமையாகும். ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு மொத்தம் 4.18 எம்பிபிஎஸ் கிடைக்கும். ஒலியையும் மேல்செலவையும் கழித்தால் படத்துக்கு 3.8. நல்ல மூலமாக இருந்தால் இது தாராளம். ஒரே டிஸ்க்கில் மூன்று படம் அடைத்து விற்ற டிவிடிகள் ஏன் மங்கலாக இருந்தன என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரியும். ஏழரை மணி நேரத்தை 4.7 ஜிபியில் திணித்தால் மொத்தம் 1.4 எம்பிபிஎஸ்கூட இல்லை. அந்த நிலையில் 720×576 வைப்பது வீண், 352×576-க்கு இறங்கினால் கட்டமாவது குறையும்.

டிஸ்க்கில் எழுதும்போது இம்க்பர்ன் மென்பொருள், வேகம் 4 அல்லது 8, கடைசியில் வெரிஃபை. 16 வேகம் என்று அச்சடித்த டிஸ்க்கையும் 8-க்கு மேல் எழுத வேண்டாம். டிவிடி+ஆர் என்றால் புக் டைப்பை டிவிடி-ராம் என்று மாற்ற டிரைவ் அனுமதித்தால் மாற்றுங்கள், பிளஸ் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் பழைய பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளும். இந்த "ராம்" படிக்க மட்டுமேயான வகை, எழுதி அழிக்கும் டிவிடி-ரேம் இல்லை. மேலே காகித லேபிள் ஒட்டவே கூடாது. சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து, வெளி ஓரம் படிக்கும் நேரத்தில், அதாவது படத்தின் கடைசி அரை மணியில் திக்கும்.

மின்விளக்குமேடை

மெனு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடுவது கைநடுக்கம் உள்ளவர்களுக்குச் சிரமம், கீறலும் விழும். பென்டிரைவை ஒருமுறை சொருகிவிட்டால் தட்டையே திறக்க வேண்டாம், லென்ஸும் தேயாது. பாட்டுத் தொகுப்புகளை ஒரு பாட்டுக்கு ஒரு ஏவிஐ என்று வெட்டி வைத்தால் அடுத்த பொத்தான் அங்கேயும் வேலை செய்யும். கல்யாண வீடியோவையும் விருப்பமான நான்கைந்து படங்களையும் டிவிடியாக்கி, மற்றதைப் பென்டிரைவில் வைக்கலாம்.

ஓலைப்பெட்டி

அது சரியான பங்கீடு. கல்யாண டிவிடி என்றதும் ஒன்று. ஸ்டுடியோ தந்த எழுதும் வகை டிஸ்க்கின் சாயம் வருடங்கள் போகப் போக மங்கும். பிளேயரில் இன்னும் ஓடுகிறதே என்று இருந்துவிடாமல் இப்போதே கம்ப்யூட்டரில் முழு ஐஎஸ்ஓ-வாக (டிஸ்க்கின் முழு நகலான ஒரே ஃபைல்) எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை வேறு நிறுவன டிரைவ் படிப்பது சாதாரணம், ஒன்றில் தோற்றதும் தூக்கிப்போட வேண்டாம்.

கொள்ளிடக்கரை

விசிடிகளும் நிறைய இருக்கின்றன. எம்பெக்ஏவி ஃபோல்டரில் உள்ள டேட் ஃபைலைக் காப்பி செய்தால் பாதியில் பிழை வந்து நிற்கிறது. அதே விசிடி பிளேயரில் ஒரு சின்னத் தடுமாற்றத்தோடு ஓடிவிடுகிறது. காப்பியான சில டேட் ஃபைல்களையும் யூஎஸ்பியில் பிளேயர் எடுப்பதில்லை.

வட்டுச்சுழல்

விசிடியில் வீடியோவை எழுதும் செக்டரே வேறு வகை. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட் தகவல், மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. விசிடியில் அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டு 2324 பைட் வீடியோவையே நிரப்பியிருக்கிறார்கள். அதனால்தான் 80 நிமிட டிஸ்க்கில் 800 எம்பிக்கு மேல் படம் ஏறுகிறது. விலையாகக் கொடுத்தது பாதுகாப்பை. கீறல் பட்ட செக்டரைப் பிளேயர் தாண்டிப் போகும், விண்டோஸ் காப்பி அங்கேயே முறுக்கிக்கொண்டு நிற்கும்.

டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்கும் ஐசோபஸ்டர் மென்பொருளில் டிஸ்க்கைத் திறந்து, அந்த டிராக்கை வீடியோவாகப் பிரித்தெடுக்கும் கட்டளையைக் கொடுங்கள். படிக்க முடியாத செக்டரை வெற்றாக நிரப்பித் தொடரச் சொல்லலாம். டேட் ஃபைல் எடுக்காததற்குக் காரணம், விண்டோஸ் அதன் தலையில் ஒரு தலைப்பையும் ஒவ்வொரு செக்டரிலும் கூடுதல் பைட்டுகளையும் சேர்த்துக் காட்டுவது. ஏற்கெனவே காப்பி செய்த டேட்டை விசிடிகியர் எம்பிஜி ஆக்கித் தரும். வெறும் உறை நீக்கம்தான், சில நிமிட வேலை.

எம்பிஜியை ஏவிஐ ஆக்காதீர்கள். 352×288 அளவில் 1150 கேபிபிஎஸ் எம்பெக்-1-ஐ இந்தச் சிப் நேராகவே ஓட்டும். மறுபடி என்கோட் செய்தால் ஏற்கெனவே மெலிந்த படம் இன்னும் மெலியும். டிவிடி-வீடியோவிலும் இந்த அளவு அனுமதிக்கப்பட்டதுதான். படத்தைத் தொடாமல், 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் ஒலியை மட்டும் 48 ஆக்கினால் போதும்.

ஸ்காபரோவாசி

வெளிநாட்டு டிஸ்க்குகள் இருந்தால் இதையும் பாருங்கோ. டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்த மண்டல எண் உண்டு. இந்தியா மண்டலம் 5, கனடாவும் அமெரிக்காவும் 1, ஐரோப்பா 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, அவுஸ்திரேலியா 4. எம்டி1389 வைத்த பிலிப்ஸ் டிவிபி642, டிவிபி5960 போன்றவற்றில் தட்டை வெறுமையாக வைத்து, செட்டப்பில் பிரிஃபரன்ஸ் பக்கத்துக்குப் போய் 138931 என்று அழுத்தினால் மண்டல எண் தெரியும். மேல், கீழ் பொத்தானால் 0 ஆக்கினால் எல்லா மண்டலமும் ஓடும். மண்டலம் 1 டிஸ்க்குகளில் சில, 0 வைத்த பிளேயரைக் கண்டுபிடித்து மறுக்கும். அப்போது மட்டும் 1 என்று வையுங்கோ.

இங்கே கனடாவில் வெளிவந்த தமிழ்ப் பட டிஸ்க்குகள் பல என்டிஎஸ்சி, அதாவது வட அமெரிக்க டிவி முறை. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் அல்லது உருண்டால் டிவி டைப்பைப் பாருங்கோ. உங்கள் டிவிக்கு என்டிஎஸ்சி தெரியும் என்றால் மல்டி, தெரியாது என்றால் பால். பால் என்று வைத்தால் பிளேயர் தானே மாற்றித் தரும், கமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் கொஞ்சம் துள்ளும்.

செட்டப்பில் தவறி புரோக்ரெசிவ் ஸ்கேனை அழுத்தினால், மஞ்சள் வயரில் படமே போய்விடும். பிளேயர் பழுது என்று கடைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இதற்குத்தான். ரிமோட்டில் வி-மோட் அல்லது பி-ஸ்கேன் பொத்தான் இருந்தால் ஒவ்வொரு தடவையாக அழுத்திப் பாருங்கோ, இன்டர்லேஸ் வந்ததும் படம் திரும்பும்.

பெட்டிக்கடை

இதே போல ஒலியிலும் ஒன்று. பாட்டும் பின்னணி இசையும் கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கர் அமைப்பு 5.1-ல் இருக்கிறது. வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது, அந்த வயரை யாரும் டிவியில் சொருகவில்லை. டவுன்மிக்ஸை ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். டிடிஎஸ் டிராக்கில் முற்றிலும் ஊமை என்றால் பிளேயரில் டிடிஎஸ் பிரிப்பான் இல்லை. ரிமோட்டின் ஆடியோ பொத்தானால் டால்பி டிராக்குக்கு மாறலாம், அல்லது கோஆக்சியல் வயரில் ஹோம் தியேட்டருக்குக் கொடுத்து டிஜிட்டல் அவுட்டை "ரா" என்று வைக்கலாம். ஹோம் தியேட்டர் இல்லாதவர்கள் டிஜிட்டல் அவுட்டைப் பிசிஎம் என்று வைக்கலாம்.

போட்டோ: கம்ப்யூட்டரில் தெரியும் ஜேபெக் பிளேயரில் தெரியாவிட்டால் அது புரோக்ரெசிவ் முறையில் சேமித்தது. பேஸ்லைன் முறையில் மறுபடி சேமித்தால் வரும்.

கொள்ளிடக்கரை

கடைசியாக ஒன்று. விசிடி, எம்பி3 சிடி எல்லாம் ஓடுகிறது. டிவிடி போட்டால் மட்டும் சில நேரம் "நோ டிஸ்க்". லென்ஸைத் துடைத்தும் சரியாகவில்லை. காலையில் முதல் முறை ஆன் செய்யும்போது "லோடிங்" என்று நின்றுவிடுகிறது, நாலைந்து முறை அணைத்துப் போட்டால் வருகிறது.

ஈயப்பற்று

ரெண்டும் தனித்தனி கோளாறு. முதல்ல சப்ளையைப் பாருங்க, ஏன்னா சப்ளை சரியில்லன்னா லென்ஸும் தப்பா நடக்கும்.

காலையில குளிர்ந்த நிலையில நிக்குது, சூடானா வருதுன்னா சப்ளை போர்டுல 5 வோல்ட் லைன் கண்டென்சர் போயிருக்கு. பெரும்பாலும் 1000 மைக்ரோஃபேரட் 10 வோல்ட். தலை உப்பியிருக்கும், சிலது உப்பாமலே சத்து போயிருக்கும். பிளக்கைக் கழட்டிட்டு, பிரைமரி பக்கம் இருக்கிற 400 வோல்ட் கண்டென்சரை 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணாம கை வைக்காதீங்க. அதுல 320 வோல்ட்டுக்கு மேல நிக்கும். அதே மைக்ரோஃபேரட், 16 வோல்ட், 105 டிகிரி வகை வாங்கிப் போடுங்க. பக்கத்துல 12 வோல்ட் லைன்ல இருக்கிறதையும் சேர்த்து மாத்திடுங்க. உள்ளே இடம் இருக்கான்னு உயரம் பார்த்து வாங்குங்க.

அடுத்தது லென்ஸ். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே தலையில ரெண்டு லேசர். சிடி ஓடி டிவிடி ஓடலைன்னா மோட்டார், கியர், டிரைவர் ஐசி எல்லாம் நல்லாத்தான் இருக்கு, 650 களைச்சுப்போச்சு. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சுக்குச்சியால மெதுவா ஒரு தடவை துடைச்சு, காய்ஞ்சப்புறம் பாருங்க. துடைச்சும் வரலைன்னா மாத்தணும். தலையில இருக்கிற சின்ன பிரீசெட்டை (திருகி மாத்துற ரெசிஸ்டர்) திருகி கரன்ட்டை ஏத்துற வழக்கம் இருக்கு. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் லேசர் முழுசா எரியும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

லென்ஸோட அடியில எண் இருக்கும்: எஸ்எஃப்-எச்டி62, எஸ்எஃப்-எச்டி65, கேஎச்எம்-313 மாதிரி. அதே எண்ணைக் கேட்டு வாங்குங்க. புது லென்ஸ்ல ஸ்டேட்டிக் தாக்காம இருக்க ஒரு துளி ஈயம் வச்சு ரெண்டு புள்ளியை ஷார்ட் பண்ணியிருப்பாங்க. முதல்ல ரிப்பன் கேபிளைச் சொருகிட்டு, அப்புறம்தான் அந்த ஈயத்தை எடுக்கணும். மாத்திச் செஞ்சா புது லேசர் கையிலேயே செத்துப்போகும். எடுக்க மறந்தாலும் "நோ டிஸ்க்"தான் வரும், லென்ஸ் டூப்ளிகேட்டுன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட வேண்டாம்.

சறுக்குத் தண்டுல பழைய கிரீஸைத் துடைச்சுட்டு வெள்ளை கிரீஸ் ஒரு பொட்டு வச்சாப் போதும். டிஸ்க் உக்கார்ற மோட்டாரையும் சேர்த்து மாத்துறதா இருந்தா, பழைய தட்டோட உயரத்தை அளந்துட்டுக் கழட்டுங்க. புதுசை அதே உயரத்துக்கு அழுத்தலைன்னா ஃபோகஸ் கிடைக்காது. மெக்கானிசத்தையே முழுசா வாங்கிட்டா இந்த வேலை இல்லை. வாங்குற அன்னைக்கே தட்டு இழுக்கிற ரப்பர் பெல்ட்டும் ஒண்ணு எடுத்துக்குங்க, பிரிச்சப்போவே மாத்திடலாம்.